வகுப்பும் அடங்கவில்லை, மனமும் அடங்கவில்லை

பி.எட். இரண்டாம் ஆண்டு படிக்கும் வாசகி ஒருவர் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றிச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 23. வீட்டில் பட்டம் வாங்கிய முதல் ஆள். கல்லூரி விடுதியில் தங்கி, அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றுக்குப் பயிற்சி ஆசிரியையாகப் போய்வருகிறார். எட்டாம் வகுப்பு ‘பி’ பிரிவுக்குக் கணக்கு எடுக்கிறார். “போர்டு பக்கம் திரும்பினால் போதும், கடைசி பெஞ்சிலிருந்து ‘ம்ம்ம்’ என்று ஒரு சத்தம் கிளம்பும். திரும்பிப் பார்த்தால் எல்லாரும் நோட்டைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். ‘ட்ரெய்னிங் மிஸ்தானே, நாலு மாசத்துல போயிடுவாங்க’ என்று என் காதுபடவே பேசுகிறார்கள்” என்கிறார். வழிகாட்டி ஆசிரியரிடம் போய் அழுதால், “கையில ஒரு குச்சி வெச்சுக்கம்மா, தானா அடங்குவானுங்க” என்று பதில். ஒருநாள் பொறுமை போய், ஸ்கேலால் ஒரு பையனின் மணிக்கட்டில் அடித்துவிட்டார். தோல் தடித்துப்போனது. பையன் அழவில்லை, பக்கத்துப் பையனைப் பார்த்துச் சிரித்தான். அந்தச் சிரிப்புதான் இன்னமும் தூங்கவிடவில்லையாம்.

விடுதி அறையில் நான்கு பேர். ஒரு தோழி பெந்தெகொஸ்தே சபைக்குப் போகிறவர். இன்னொருவர் ஐந்து வேளையும் தொழுகிறவர். மூன்றாமவர் பெரியார் வழியில் வந்த குடும்பத்துப் பெண். விளக்கை அணைத்தபிறகும் கடவுள் உண்டா, பாவம் என்றால் என்ன என்று பேச்சு நீளும். சபைத் தோழியுடன் சில மாதங்களாகப் புதன்கிழமை ஜெபக் கூட்டத்துக்கு இவரும் போகிறார். அங்கே உட்கார்ந்திருக்கும் நேரத்தில் மட்டும் மறுநாள் வகுப்பைப் பற்றிய படபடப்பு இருப்பதில்லை. அடுத்த மாதம் ஞானஸ்நானம் எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்கள். ஆதி திராவிடர் சமூகம், சான்றிதழில் இந்து. “பேப்பரில் ஒன்றும் மாற்ற வேண்டாம், மனசில் மாறினால் போதும்” என்று சபையில் சொன்னார்களாம். வீட்டுக்கு எதுவும் தெரியாது.

இதற்கு நடுவே இன்னொன்று. ஒரு மதிய இடைவேளையில் வகுப்பு மாணவி ஒருத்தி வீட்டுச் சண்டையைச் சொல்லி அழ, இவர் அவள் கைகளைப் பிடித்துக்கொண்டு கூட்டத்தில் செய்வதுபோலவே ஜெபம் செய்திருக்கிறார். அந்தப் பெண் வீட்டில் சொல்ல, அவள் தாய் பள்ளிக்கு வந்து கேட்க, தலைமையாசிரியர் எழுத்துமூலம் விளக்கம் கேட்டிருக்கிறார். “இது கிரிமினல் கேஸ் ஆகுமா? பயிற்சியை ரத்து செய்துவிடுவார்களா? இதெல்லாம் சோதனை, சாட்சியாக நில் என்கிறாள் தோழி. நான் டீச்சர் வேலைக்கே லாயக்கில்லை என்று தோன்றுகிறது. என்ன செய்யட்டும்?”

அன்புத் தங்கைக்கு,

கடைசிக் கேள்விக்கு முதலில் பதில். படிப்பை விடாதீர்கள். நீங்கள் எழுதியிருப்பதில் ஆசிரியர் வேலைக்கு லாயக்கில்லாத ஆள் யாரும் தென்படவில்லை. தொழில் இன்னும் கைக்கு வராத ஒருவர்தான் தெரிகிறார். அதற்குத்தான் பயிற்சி. 2014-ல் வந்த தேசிய ஆசிரியர் கல்விக் குழும விதிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டாக்கி, பள்ளியில் செலவிடும் காலத்தையும் 20 வாரமாக நீட்டின. தடுமாறுவதற்கும் சேர்த்துத்தான் அந்த வாரங்கள்.

உங்கள் கடிதத்தில் இரண்டு விஷயங்கள் ஒன்றுக்குள் ஒன்று சிக்கிக் கிடக்கின்றன. வகுப்பு அடங்காததால் வந்த தவிப்பு உங்களை ஜெபக் கூட்டத்துக்குக் கொண்டுபோனது. அங்கே கிடைத்த நிம்மதியை நீங்கள் வகுப்பறைக்குள் கொண்டுவந்தீர்கள், அது இப்போது விளக்கக் கடிதத்தில் வந்து நிற்கிறது. வகுப்புத் தொல்லைக்கு வகுப்பிலேயே மருந்து இருக்கிறது. நம்பிக்கை என்பது ஒரு மோசமான வாரத்தின் கணக்கில் முடிவு செய்கிற விஷயம் இல்லை. இரண்டையும் பிரித்து வைத்துக்கொண்டு பேசுவோம். கெடு நெருங்குவது விளக்கக் கடிதத்துக்கு என்பதால் அதிலிருந்தே தொடங்குகிறேன்.

தலைமையாசிரியர் கேட்ட விளக்கம்

கிரிமினல் வழக்கு என்ற பயம் அளவுக்கு மீறியது. உங்கள் அறையில் யாரோ செய்தியில் படித்துவிட்டுச் சொன்ன மதமாற்றத் தடைச் சட்டங்கள் வேறு சில மாநிலங்களில் நடைமுறையில் இருப்பவை. தமிழ்நாட்டில் 2002-ல் அப்படி ஒரு சட்டம் வந்தது, பிறகு விலக்கிக்கொள்ளப்பட்டது. அழுத பிள்ளைக்காக ஒரு தடவை பிரார்த்தித்ததை வைத்து உங்கள் மேல் குற்ற வழக்கு பாயும் என்று நான் நினைக்கவில்லை.

அதற்காக நடந்தது சரி என்று ஆகிவிடாது. இங்கே உங்கள் தோழி சொல்வதோடு நான் முழுக்க மாறுபடுகிறேன். அரசியல் சட்டத்தின் 25-ஆவது பிரிவு உங்களுக்கு மனச்சாட்சிச் சுதந்திரத்தையும், விரும்பிய மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமையையும் தருகிறது. பரப்புவது என்றால் எடுத்துச்சொல்வதுதான், இன்னொருவரை மதம் மாற்றும் உரிமை அதில் அடங்காது என்று 1977-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 28-ஆவது பிரிவு இன்னும் நேரடியானது. முழுக்க அரசுப் பணத்தில் நடக்கும் பள்ளியில் மதபோதனை கூடாது. அரசு அங்கீகாரமோ உதவியோ பெறும் பள்ளியாக இருந்தாலும், 18 வயது நிரம்பாத பிள்ளையை வழிபாட்டில் பங்கெடுக்கச் சொல்ல வேண்டுமானால் பெற்றோரின் சம்மதம் வேண்டும். நீங்கள் செய்தது போதனையா, வெறும் ஆறுதலா என்று வழக்கறிஞர்கள் வாதாடலாம். அந்தத் தாயின் பக்கத்திலிருந்து பாருங்கள். தன்னைக் கேட்காமல், மதிப்பெண் போடும் இடத்தில் இருக்கிற ஒருவர் தன் பிள்ளையின் கையைப் பிடித்து வேறொரு சாமியிடம் வேண்டியிருக்கிறார். பதின்மூன்று வயதுப் பிள்ளையால் டீச்சரிடம் ‘வேண்டாம் மிஸ்’ என்று சொல்ல முடியுமா? உங்கள் வீட்டுச் சாமியை இன்னொரு ஆசிரியை ஒரு கிறித்தவப் பிள்ளையைக் கும்பிடச் சொல்லியிருந்தாலும் இதே பதிலைத்தான் எழுதுவேன். அந்த அம்மா பள்ளிக்கு வந்து கேட்டது நியாயம். இதை ‘சோதனை’ என்று எடுத்துக்கொண்டால் அவரை எதிரியாக்கிவிடுவீர்கள்.

கடிதத்தைச் சுருக்கமாக எழுதுங்கள். இந்த அளவு போதும்:

“குறிப்பிட்ட நாளன்று மதிய இடைவேளையில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருவர் அழுதுகொண்டிருந்தார். ஆறுதல் சொல்லும் நோக்கில் என் நம்பிக்கைப்படி அவருக்காகப் பிரார்த்தனை செய்தேன். பள்ளி வளாகத்தில் நான் அப்படிச் செய்திருக்கக் கூடாது. மாணவியின் நிலையை வகுப்பாசிரியரிடம் தெரிவித்திருக்க வேண்டும். மாணவியின் பெற்றோரிடம் வருத்தம் தெரிவித்துக்கொள்கிறேன். இனி இவ்வாறு நிகழாது.”

இதற்கு மேல் வசனம், வாதம், உங்கள் மனக்கஷ்டம் எதுவும் வேண்டாம். பொய்யும் வேண்டாம். ‘சும்மா தலையைத் தடவினேன்’ என்று ஒரு வரி எழுதி, பிள்ளை வேறு மாதிரி சொல்லிவிட்டால் அதோடு உங்கள் சொல்லுக்கு மதிப்புப் போய்விடும். யாராவது எழுதி நீட்டும் தாளில் படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். கொடுப்பதற்கு முன் உங்கள் கல்லூரியில் பயிற்சியை மேற்பார்வை செய்யும் விரிவுரையாளரிடம் காட்டுங்கள். ஒரு நகலில் ‘பெற்றுக்கொண்டேன்’ என்று ஒப்பமும் தேதியும் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பயிற்சியை ரத்து செய்வார்களா என்பதற்கு நான் உத்தரவாதம் தர முடியாது. பள்ளிக்கு உங்களை வைத்துக்கொள்ள முடியாவிட்டால், மீதி வாரங்களை வேறு பள்ளியில் முடிக்க ஏற்பாடு செய்யுங்கள் என்று கல்லூரியிடமே கேளுங்கள். கேட்காமல் உடைந்துபோய் உட்கார வேண்டாம்.

அப்புறம் அந்தப் பிள்ளை. இந்தக் களேபரத்தில் அவள் ஏன் அழுதாள் என்பதை எல்லாரும் மறந்துவிட்டார்கள், நீங்களும்கூட. இனி அவளைத் தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம், ‘ஏன் வீட்டில் சொன்னாய்’ என்று ஒரு பார்வைகூட வேண்டாம். ஆனால் அவள் சொன்ன வீட்டுச் சண்டையில் அடிதடி இருக்கிறது என்று உங்களுக்குத் தோன்றினால், அதை வகுப்பாசிரியரிடமும் தலைமையாசிரியரிடமும் தனியாகச் சொல்லுங்கள். குழந்தைகள் உதவி எண் 1098 இருபத்துநான்கு மணி நேரமும் இயங்குகிறது, நீங்களும் கூப்பிட்டுச் சொல்லலாம்.

எட்டாம் வகுப்பு ‘பி’

உங்கள் வகுப்பு எங்கே கழன்றுபோகிறது என்பதை நீங்களே எழுதிவிட்டீர்கள்: ‘போர்டு பக்கம் திரும்பினால் போதும்.’ கணக்கு டீச்சர் ஒரு நாளைக்கு எத்தனை தடவை போர்டுப் பக்கம் திரும்புகிறார்? அத்தனை தடவையும் நாற்பது பிள்ளைகளுக்கு உங்கள் முதுகுதான் தெரிகிறது.

அமெரிக்க உளவியலாளர் ஜேக்கப் கூனின் வகுப்பறைகளைக் காணொளியில் பதிவுசெய்து பார்த்து, 1970-ல் தன் முடிவுகளை வெளியிட்டார். அடங்கின வகுப்பு ஆசிரியர்களுக்கும் அடங்காத வகுப்பு ஆசிரியர்களுக்கும் அதட்டுவதில், தண்டிப்பதில் பெரிய வித்தியாசம் ஒன்றும் இல்லை. சேட்டை கிளம்புவதற்கு முன்னால் என்ன செய்கிறார்கள் என்பதில்தான் வித்தியாசம். வகுப்பின் நாலு மூலையிலும் நடப்பது தனக்குத் தெரியும் என்று பிள்ளைகளுக்கு உணர்த்திக்கொண்டே இருப்பவரின் வகுப்பு ஓடுகிறது. ‘நம்ம டீச்சருக்கு முதுகிலும் கண்ணு’ என்று பிள்ளைகள் சொல்வார்களே, அந்தக் கண் பழக்கத்தில் வருவதுதான்.

எனவே முதலில் உடம்பைத் திருப்பப் பழகுங்கள். வகுப்புக்கு முழு முதுகு காட்டாமல், தோள் போர்டைத் தொடுகிற மாதிரி சாய்ந்து நின்று எழுதுங்கள். இரண்டு வரி எழுதியதும் நிறுத்தி வகுப்பைப் பாருங்கள். நீளமான கணக்கு என்றால் நீங்கள் எழுத வேண்டியதே இல்லை, ஒரு பிள்ளையைக் கூப்பிட்டு எழுதச் சொல்லிவிட்டு நீங்கள் கடைசி பெஞ்சுக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். ‘ம்ம்ம்’ சத்தம் நீங்கள் நிற்கும் இடத்திலிருந்து வராது. யார் என்று கண்டுபிடிக்கும் விசாரணையில் மட்டும் இறங்கிவிடாதீர்கள். வகுப்பு முழுக்க வேடிக்கை பார்க்கும், கடைசியில் தோற்பது நீங்களாகத்தான் இருக்கும்.

இரண்டாவது, முதல் ஐந்து நிமிடம். சார்ட்டை மாட்டி, வருகைப் பதிவு எடுத்து, முந்தைய பாடத்தைக் கேட்டு என்று பாடத்திட்டக் குறிப்பேட்டில் எழுதியதை அப்படியே செய்யும்போது பிள்ளைகளின் கை சும்மா இருக்கிறது. நீங்கள் உள்ளே நுழையும்போதே போர்டில் ஒரு சின்னக் கணக்கு இருக்கட்டும். முந்தைய பீரியடு ஆசிரியர் அனுமதித்தால் அவர் கிளம்பும் நேரத்திலேயே எழுதிவிடலாம். பிள்ளைகள் அதைப் போட்டுக்கொண்டிருக்கும்போது நீங்கள் வருகை எடுங்கள்.

பெயர்களைக் கற்றுக்கொள்ளுங்கள். ‘ஏய், கடைசி பெஞ்ச்’ என்று கூப்பிட்டால் கடைசி பெஞ்சே ஒன்று சேர்ந்துகொள்ளும். வகுப்பாசிரியரிடம் பட்டியல் வாங்கி, யார் எங்கே உட்காருகிறார்கள் என்று ஒரு படம் போட்டு மேசையில் வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி கேட்ட பிறகு சற்று மௌனமாக நில்லுங்கள். ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டு ஒரு வினாடிகூடச் சரியாகக் காத்திருப்பதில்லை, மூன்று வினாடியோ கொஞ்சம் கூடுதலாகவோ காத்திருந்தால் பதில்கள் நீளமாகின்றன, வழக்கமாக வாய் திறக்காத பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று மேரி பட் ரோ என்ற கல்வியாளர் 1970-களில் கண்டார். அந்த மூன்று வினாடி நமக்கு யுகமாகத் தெரியும். பதற்றத்தில் நாமே விடையைச் சொல்லிவிடுவோம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

செய்ய முடியாததைச் சொல்லி மிரட்டுவதை இன்றோடு விட்டுவிடுங்கள். ‘எச்.எம்.கிட்ட சொல்லிடுவேன்’ என்று சொல்லிவிட்டுச் சொல்லாமல் இருந்த ஒவ்வொரு தடவையும் பிள்ளைகளின் கணக்கில் ஏறியிருக்கும்.

‘நாலு மாசத்துல போயிடுவாங்க’ என்று சொன்னார்களே, அது உண்மைதானே? கோபப்படாமல் ஒத்துக்கொள்ளுங்கள். ‘ஆமாம்பா, போயிடுவேன். அதுக்குள்ள இந்த இயற்கணிதத்தை முடிச்சுடுவோம்’ என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டால் அந்தக் கேலிக்கு அப்புறம் ருசி இல்லை. ‘மிஸ், நீங்க எந்தச் சாமி கும்பிடுவீங்க?’ என்று கேட்டார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அதற்கும் இதே மாதிரிதான். ‘அது எங்க வீட்டு விஷயம். இப்ப எந்தப் பக்கத்துல இருக்கோம்?’

ஸ்கேல்

வழிகாட்டி ஆசிரியர் குச்சி எடுக்கச் சொன்னார் என்பதால் குச்சிக்கு அனுமதி வந்துவிடாது. 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு உடல் தண்டனையையும் மனத்துன்புறுத்தலையும் தடை செய்கிறது. தமிழ்நாடு அதற்கும் முன்பே, 2003-ல் கல்வி விதிகளைத் திருத்தி அடியை நீக்கிவிட்டது. மாட்டிக்கொண்டால் உங்கள் வழிகாட்டி ஆசிரியர் ‘நான் சொல்லவே இல்லையே’ என்பார். அவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. பெரிய வகுப்புகளை வருடக்கணக்காகச் சமாளித்துக் களைத்துப்போனவர் தனக்குத் தெரிந்த வழியைச் சொல்லியிருக்கிறார்.

அந்தப் பையன் சிரித்ததை அலட்சியம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். எட்டாம் வகுப்புப் பையன் நண்பர்கள் முன்னால் அழுதுவிட்டால் வருஷம் முழுக்கக் கேலிதான். அவனுக்கு வேறு வழி இல்லை. ஆள் நடமாட்டம் இருக்கிற வராந்தாவில் அவனை நிறுத்தி, ‘அன்னிக்கு நான் உன்னை அடிச்சது தப்பு. மன்னிச்சுக்கோ’ என்று மட்டும் சொல்லுங்கள். ‘ஆனா நீயும்...’ என்று ஒரு வால் சேர்க்காதீர்கள். மேற்பார்வை விரிவுரையாளரிடம் விளக்கக் கடிதத்தைக் காட்டும்போதே இதையும் சொல்லிவிடுங்கள். பிறகு வேறு வாய்வழியாகப் போய்ச் சேர்வதைவிட அது மேல்.

இதற்கிடையே, காலையில் பள்ளிக்குக் கிளம்பும்போது வாந்தி வருகிறது, இரவில் தூக்கமில்லை என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். இது இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் மருத்துவரைப் பாருங்கள். அரசின் மனநல உதவிச் சேவையான டெலிமானஸின் எண் 14416-ஐ எந்த நேரமும் இலவசமாக அழைக்கலாம், தமிழில் பேசுவார்கள். ஜெபித்தால் சரியாகிவிடும், மாத்திரை என்றால் விசுவாசக் குறைவு என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். ஜெபிக்கிறவர்களும் காய்ச்சலுக்கு மருந்து சாப்பிடத்தான் செய்கிறார்கள்.

அறைத் தோழிகள்

நீங்கள் நால்வரும் இரவில் பேசும் பேச்சை நான் பொறாமையோடு படித்தேன். தொழுகிறவரும் ஜெபிக்கிறவரும் கடவுளே இல்லை என்கிறவரும் ஒரே அறையில் சண்டையில்லாமல் இதைப் பேச வாய்ப்பது எல்லாருக்கும் கிடைப்பதில்லை. அதை ஒற்றைவழிப் பாதையாக்கிவிட்டீர்களோ என்பதுதான் என் சந்தேகம். சபைத் தோழியோடு கூட்டத்துக்குப் போகிறீர்கள். நோன்பு இருக்கும் தோழியிடம் அது அவருக்கு என்ன தருகிறது என்று கேட்டீர்களா? நம்பாத தோழி சாவு வீட்டில் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பார் என்று கேட்டதுண்டா? ‘எங்க வீட்டுச் சாமி எல்லாம் சும்மா சடங்கு’ என்று ஒரு வரியில் ஒதுக்கியிருக்கிறீர்கள். அந்தச் சடங்கைச் செய்யும் உங்கள் பாட்டியிடம் உட்கார்ந்து பேசாமலே அந்த முடிவுக்கு வந்திருக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கடைசியில் நீங்கள் எதைத் தேர்ந்தெடுத்தாலும் சரி, கேட்காமலே தள்ளியது ஒன்றும் இருக்கக் கூடாது.

இளம் வயதில் தன்னைத் தேடுவதைப் பற்றி ஜேம்ஸ் மார்சியா என்ற உளவியலாளர் 1966-ல் ஒரு பாகுபாட்டை முன்வைத்தார். தேடிப்பார்த்துவிட்டு ஒன்றைப் பற்றிக்கொள்கிறவர்கள் ஒரு வகை. தேடாமலே, பிறர் கொடுத்ததை அப்படியே பற்றிக்கொள்கிறவர்கள் இன்னொரு வகை. வீட்டில் கொடுத்ததை யோசிக்காமல் வைத்துக்கொள்வது இரண்டாம் வகை என்று உங்களுக்கு உடனே புரியும். கூட்டத்தில் கொடுத்ததை யோசிக்காமல் வாங்கிக்கொள்வதும் அதே வகைதான்.

உங்களுக்கு அங்கே கிடைத்த நிம்மதி பொய் என்று நான் சொல்லவில்லை. உங்களை யாரும் கேலி செய்யாத, உங்கள் பெயரைச் சொல்லி விசாரிக்கிற, நீங்கள் அழுதால் தோளில் கை போடுகிற ஓர் இடம் அது. இந்த நான்கு மாதத்தில் உங்களுக்கு அப்படி வேறு இடமே இருக்கவில்லை. நிம்மதி அந்த மனிதர்களால் வந்ததா, அவர்கள் சொல்லும் தேவனால் வந்ததா என்று இப்போதே பிரித்துப் பார்ப்பது கடினம். பயிற்சி முடிந்து, வகுப்பு பயம் தெளிந்த பிறகும் அங்கே போக மனம் இழுக்கிறதா என்று பாருங்கள்.

அந்தக் குழுவையும் கொஞ்சம் கவனியுங்கள். கேள்வி கேட்டால் முகம் மாறுகிறதா? ஒரு வாரம் போகாவிட்டால் அன்பு குறைகிறதா? வீட்டில் சொல்லாதே என்கிறார்களா? பணம் கேட்கிறார்களா? அடுத்த மாதமே ஞானஸ்நானம் என்று ஏன் அவசரம்? ‘பயிற்சி முடியட்டும், ஒரு வருஷம் போகட்டும்’ என்று சொல்லிப் பாருங்கள். ‘சரிம்மா, காத்திருக்கோம்’ என்றால் நல்ல மனிதர்கள். ‘நாளை உன் கையில் இல்லை’ என்று பயமுறுத்தினால், அந்தப் பயத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

ஞானஸ்நானமும் சாதிச் சான்றிதழும்

‘பேப்பரில் மாற்ற வேண்டாம், மனசில் மாறினால் போதும்’ என்று உங்களிடம் சொன்னவர்கள் கெட்ட எண்ணத்தில் சொல்லியிருக்க மாட்டார்கள். ஆனால் பிற்பாடு விலை கொடுக்கப்போவது நீங்கள்தான், அதனால் இதை விரிவாகவே சொல்கிறேன்.

1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணைப்படி பட்டியல் சாதி என்ற தகுதி முதலில் இந்துக்களுக்கு மட்டும் இருந்தது. 1956-ல் சீக்கியர்களும் 1990-ல் பௌத்தர்களும் சேர்க்கப்பட்டார்கள். கிறித்தவத்துக்கோ இஸ்லாத்துக்கோ மாறியவர்களுக்கு அது கிடையாது. தமிழ்நாட்டில், பட்டியல் சாதியிலிருந்து கிறித்தவத்துக்கு மாறியவர்கள் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் வருகிறார்கள். கல்வி உதவித்தொகையில் மதம் மாறிய ஆதி திராவிடர்களையும் மாநில அரசு சேர்த்துக்கொள்கிறது. ஆனால் ஆசிரியர் பணி நியமனத்துக்கு விண்ணப்பிக்கும்போது நீங்கள் நிற்கும் வரிசை மாறிவிடும்.

மதம் மாறினாலும் சாதிக் கொடுமை மாறுவதில்லை, கல்லறையில்கூடச் சுவர் எழுப்புகிறார்கள், அப்படியிருக்க இந்த ஆணை அநியாயம் என்று வாதிடுவோர் நிறையப் பேர். எனக்கும் அந்த வாதத்தில் நியாயம் தெரிகிறது. 2004 முதல் உச்ச நீதிமன்றத்தில் வழக்கு நடக்கிறது. 2022-ல் மத்திய அரசு முன்னாள் தலைமை நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் ஓர் ஆணையத்தையும் அமைத்தது. நாளை சட்டம் மாறலாம். நீங்கள் விண்ணப்பம் போடும் நாளில் என்ன சட்டமோ அதுதான் உங்களுக்கு.

ஞானஸ்நானம் பெற்று, சபைக்குத் தவறாமல் போய்க்கொண்டு, சான்றிதழில் மட்டும் இந்து என்று வைத்துக்கொண்டால் என்ன ஆகும்? 2024 நவம்பரில் உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது ஏறக்குறைய இதே கதைதான். புதுச்சேரியைச் சேர்ந்த பெண் ஒருவர் அரசு வேலைக்காகப் பட்டியல் சாதிச் சான்றிதழ் கேட்டார். ஞானஸ்நானம் பெற்றுக் கிறித்தவத்தைப் பின்பற்றிக்கொண்டே, சலுகைக்காக மட்டும் இந்து என்று சொல்வது அரசியல் சட்டத்தையே ஏமாற்றுவது என்று சொல்லி நீதிமன்றம் மறுத்துவிட்டது. சான்றிதழ் விவகாரம் வேலையில் சேர்ந்து பல வருஷம் கழித்தும் கிளம்பும். சபைப் பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும்.

‘பிடிக்காவிட்டால் திரும்பி வந்துவிடலாம்’ என்றும் எழுதியிருக்கிறீர்கள். வரலாம், யாரும் தடுக்க முடியாது. ஆனால் பழைய சாதித் தகுதி தானாகத் திரும்பாது. உண்மையாகவே திரும்பினீர்கள், உங்கள் சமூகம் உங்களை ஏற்றுக்கொண்டது என்று நிரூபிக்க வேண்டும் என்பது உச்ச நீதிமன்றத்தின் 2015 தீர்ப்பு.

சலுகைக்காக நம்பிக்கையை அடக்கிக்கொள்ளுங்கள் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். விலை தெரிந்தே, ‘பரவாயில்லை’ என்று மதம் மாறியவர்களை எனக்குத் தெரியும். அவர்கள்மேல் எனக்கு மரியாதை உண்டு. உங்களுக்கு விலையே சொல்லப்படவில்லை என்பதுதான் என் கவலை. கூட்டத்துக்குப் போவதும் பைபிள் படிப்பதும் ஜெபிப்பதும் உங்கள் உரிமை. சடங்காக ஞானஸ்நானம் பெறுவதற்கு முன்னால் மட்டும், சபைக்குச் சம்பந்தமில்லாத ஒரு வழக்கறிஞரிடம் உங்கள் ஆவணங்களைக் காட்டிக் கேளுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் இலவச சட்ட உதவி மையத்தில் பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் வருமான வரம்பு பார்க்காமலே உதவி கிடைக்கும். ஒரு சின்னத் திருத்தம்: மதம் மாறினால் பெயரை அரசிதழில் மாற்றியே ஆக வேண்டும் என்று சொன்னார்களே, அப்படிக் கட்டாயம் எதுவும் இல்லை.

அம்மாவிடம்

உங்களுக்கு 23 வயது. நம்பிக்கையைத் தேர்ந்தெடுக்க யாருடைய அனுமதியும் தேவையில்லை. ஆனாலும் விளக்கக் கடித விவகாரம் கல்லூரி வழியாகவோ ஊர்க்காரர் வழியாகவோ அம்மா காதுக்குப் போவதற்கு முன் நீங்களே சொல்லிவிடுவது நல்லது. போனில் வேண்டாம், ஊருக்குப் போகும்போது நேரில் சொல்லுங்கள். முதலில் பள்ளியில் நடந்ததை, அந்தப் பையனை அடித்ததையும் சேர்த்து. அம்மாவுக்கு உங்கள் வேலைதான் முதல் பயம், அது தெளிந்தால் மற்றதைக் கேட்கக் காது இருக்கும். புதன்கிழமைக் கூட்டத்தை அதற்குப் பிறகு சொல்லுங்கள். ‘மாறப்போறேன்’ என்று தொடங்காதீர்கள், ஏனென்றால் அது இன்னும் உண்மையும் இல்லை. ‘போய்ப் பாத்துக்கிட்டு இருக்கேன்மா, இன்னும் ஒண்ணும் முடிவு பண்ணல’ என்பதுதான் இன்றைய நிலை. அம்மா கத்தலாம், ரெண்டு நாள் பேசாமலும் இருக்கலாம். அந்த ரெண்டு நாளில் பாட்டி பக்கத்தில் போய் உட்காருங்கள்.